திசு எந்த டப்பாவுக்குள் போகிறது என்று கேளுங்கள்

அம்மாவுக்கு சைனஸில் பூஞ்சைத் தொற்று வந்தது. அது பூஞ்சை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. எந்தப் பூஞ்சை என்பது தெரிய மாதக்கணக்கில் ஆனது. அந்த இடைவெளியில் அம்மா பட்ட பாட்டுக்கும், கரைந்த சேமிப்புக்கும், நான் வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாட்களுக்கும் காரணம் ஒரு சின்ன விஷயம். யாராவது ஒருவர் முன்கூட்டியே அதைச் சொல்லியிருந்தால் அம்மா இரண்டாம் முறை மயக்க மருந்து வாங்கியிருக்க வேண்டாம். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அடுத்து இந்த வழியில் வருகிறவர்களுக்காவது தெரியட்டும் என்று எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. டாக்டர்களிடமும் லேபில் இருந்தவர்களிடமும் விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். மருந்து முடிவுகளை உங்கள் டாக்டரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

அம்மாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை இருக்கிறது. முதலில் ஒரு பக்கக் கன்னத்தில் மந்தமான வலி, அந்தப் பக்கம் மட்டும் மூக்கடைப்பு. ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, திரும்பி வந்தது. வேறு ஆன்டிபயாடிக் மாற்றினார்கள். பிறகு ஒருநாள் அம்மாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தபோது ஒரு கண் மட்டும் லேசாக முன்னால் தள்ளிக்கொண்டு இருப்பது தெரிந்தது. சிடி ஸ்கேனில் சைனஸின் எலும்புச் சுவர் அரித்திருந்தது. "இது சாதாரண சைனஸ் இல்லம்மா, உள்ள போய் சதை எடுத்துப் பார்க்கணும்" என்றார் டாக்டர். சர்க்கரை உள்ளவர்களுக்கோ, ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கோ, புற்றுநோய்க்கு சிகிச்சை பெறுபவர்களுக்கோ முகத்தில் ஒரு பக்கம் மரத்துப்போனால், கண் வீங்கினால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், மேலண்ணத்தில் கருப்பாக ஏதாவது தெரிந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். சில பூஞ்சைகள் மாதக்கணக்கில் மெல்லப் பரவும். சில ஓரிரு நாளில் கண்ணையும் மூளையையும் எட்டிவிடும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

முதல் ஆபரேஷன் முடிந்ததும் தியேட்டர் கதவைத் திறந்து ஒருவர் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்தார். நிறமில்லாத திரவம், அதில் மிளகு அளவிலும் அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவும் வெளிறிய துண்டுகள். மூடியை இறுக்கி மூடியிருந்தும் கண்ணை எரிக்கிற வாடை. "பயாப்ஸி, கீழ பேத்தாலஜில கொடுத்துட்டு ரசீது வாங்கிட்டு வாங்க" என்றார். கொடுத்துவிட்டு வந்தேன். ரிப்போர்ட் வந்தபோது, திசுவுக்குள் பூஞ்சை இழைகள் தெரிகின்றன, கல்ச்சருடன் (பூஞ்சையை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று கடைசி வரி இருந்தது. கல்ச்சர் ரிப்போர்ட் எங்கே என்று வார்டில் கேட்டேன். வார்டில் லேபைக் கேட்கச் சொன்னார்கள்; லேபில் எங்களுக்கு எதுவும் வரவில்லையே என்றார்கள். அங்கிருந்த மைக்ரோபயாலஜி டாக்டர் அம்மா ஒருவர்தான் பொறுமையாக உட்காரவைத்துச் சொன்னார்: "எடுத்த சதை மொத்தமும் ஃபார்மலின்ல, அதான் அந்த டப்பாவுல இருந்த திரவத்துல, போயிடுச்சும்மா. ஃபார்மலின் பட்டா பூஞ்சை செத்துடும். அதுல இருந்து எதையும் வளர்க்க முடியாது." பூஞ்சை இருப்பது கண்ணால் பார்த்த உண்மை, அதன் பெயரைச் சொல்ல இனி வழியில்லை என்றால் எப்படி இருக்கும்? அன்று எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். எடுத்த திசு இரண்டு இடங்களுக்குப் போக வேண்டும். பேத்தாலஜிக்குப் போகும் பகுதி ஃபார்மலினில் போகும். அங்கே திசுவை மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, பூஞ்சை சதைக்குள் ஊடுருவியிருக்கிறதா, ரத்தக்குழாய்க்குள் புகுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நோய் உண்மையா, சும்மா மேலே ஒட்டியிருந்ததா என்பதற்கு அதுதான் சாட்சி. மைக்ரோபயாலஜிக்குப் போகும் பகுதி ஃபார்மலின் படாமல், கிருமி நீக்கிய டப்பாவில், உலர்ந்துபோகாமல் இருக்கச் சில சொட்டு ஸ்டெரைல் சலைனோடு போக வேண்டும். அங்கேதான் பூஞ்சையை வளர்த்துப் பெயர் கண்டுபிடிப்பார்கள், எந்த மருந்து அதைக் கட்டுப்படுத்தும் என்றும் சோதிப்பார்கள். ஒன்று இன்னொன்றுக்கு மாற்று இல்லை. ஆகவே பயாப்ஸியோ ஆபரேஷனோ நடப்பதற்கு முன்பே, கையெழுத்து வாங்க வரும்போதே, "கல்ச்சருக்குத் தனியா சலைன்ல அனுப்புவீங்களா சார்?" என்று கேட்டுவிடுங்கள். தியேட்டருக்குள் போனபிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை. பஞ்சுக்குச்சியில் துடைத்து எடுப்பதைவிடச் சதைத்துண்டே மேல். டப்பாவை உடனே லேபுக்குக் கொண்டுபோக வேண்டும், ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. மியூகர் வகைப் பூஞ்சைகள் குளிரைத் தாங்காமல் வளராமலே போய்விடலாம். அந்த வகையைச் சந்தேகித்தால் லேபில் திசுவை அரைக்காமல் சின்னச் சின்னதாக நறுக்கித்தான் வளர்க்கப் போடுவார்களாம், அரைத்தால் அதன் இழைகள் நசுங்கிச் செத்துவிடும். விண்ணப்பத் தாளில் "ஃபங்கல் கல்ச்சர்" என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். வெறுமனே கல்ச்சர் என்றிருந்தால் பாக்டீரியாவுக்கான தட்டில் போட்டு, சில நாளில் வளர்ச்சி இல்லை என்று முடித்துவிட வாய்ப்பு உண்டு. பூஞ்சைக்கான தட்டுகளைப் பல வாரம், சிலவற்றை 4 வாரம் வரை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். நோயாளிக்குச் சர்க்கரை இருக்கிறதா, ஏற்கெனவே எந்தப் பூஞ்சை மருந்து ஓடுகிறது என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

பெயர் தெரியாவிட்டால் என்ன, பூஞ்சைக்கு மருந்து கொடுத்தால் போதாதா என்று எனக்கும் தோன்றியது. போதாது. சைனஸைத் தாக்குவதில் முக்கியமான இரண்டு கூட்டம் மியூகரும் ஆஸ்பர்ஜில்லஸும். ஆஸ்பர்ஜில்லஸுக்கு முதலில் கொடுக்கும் மருந்து வோரிகோனசோல். அது மியூகரிடம் வேலை செய்யாது. மியூகருக்குக் கொடுக்கும் ஆம்ஃபோடெரிசின் ஆஸ்பர்ஜில்லஸ்களில் பலவற்றுக்கும் கேட்கும், ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. ஆஸ்பர்ஜில்லஸ் டெரியஸ் என்ற வகை பிறவியிலேயே அதற்கு மசியாது. பயாப்ஸி ஸ்லைடில் இழைகள் நசுங்கிக் கிடந்ததால் குறுக்குச் சுவர் உள்ளவையா இல்லாதவையா என்று பேத்தாலஜியில் அறுதியிட்டுச் சொல்லவில்லை. அதனால் டாக்டர் இரண்டையும் மனதில் வைத்து ஆம்ஃபோடெரிசின் ஊசியைத் தொடங்கினார். அந்த நிலையில் அதுதான் சரியான முடிவு, மியூகராக இருந்தால் காத்திருக்க நேரமில்லை. ஆனால் அந்த ஊசி அம்மாவை உருக்கிவிட்டது. ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் உடம்பு தூக்கிப்போடும், போர்வைமேல் போர்வை போட்டாலும் நடுக்கம் நிற்காது. சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியது, பொட்டாசியம் இறங்கியது, பொட்டாசியம் ஏற்ற இன்னொரு டிரிப். சிறுநீரகத்துக்காக லைப்போசோமல் என்ற விலை கூடிய வகைக்கு மாற்றினார்கள். அதற்காக நகையை வைத்தேன். அம்மா பட்ட வலியைவிட, இத்தனையும் தேவைப்படாத ஒரு பூஞ்சைக்காக இருக்குமோ என்ற நினைப்புதான் ராத்திரியில் தூங்கவிடாது.

ஒரு கட்டத்தில் வீக்கம் வடிந்தது, வீட்டுக்கு அனுப்பினார்கள், சில வாரத்தில் அதே கன்னத்தில் வலி திரும்பியது. ஸ்கேன் எடுத்தால் பழைய இடத்திலேயே கொஞ்சம் பெரிதாக இருந்தது. மறுபடி ஆபரேஷன் என்றார்கள். இந்த முறை வேறு டாக்டர். நான் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு போனேன். "சார், போன தடவ எல்லாமே ஃபார்மலின்ல போயிடுச்சு. இந்தத் தடவ கல்ச்சருக்குத் தனியா வேணும்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு என் கண்ணெதிரிலேயே இரண்டு டப்பா எடுத்து வைக்கச் சொன்னார், மைக்ரோபயாலஜிக்குப் போன் பண்ணிச் சொல்லவும் சொன்னார். கேள்வி கேட்டால் டாக்டர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தயங்குகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அன்று மாலையே முதல் தகவல் வந்துவிட்டது. கேஓஹெச் ஸ்மியர் என்று ஒன்று இருக்கிறது. திசுவின் ஒரு துளியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டால் மனித செல்கள் கரைந்து பூஞ்சை இழை மட்டும் மைக்ராஸ்கோப்பில் தெரியும். கால்கோஃப்ளோர் சாயம் சேர்த்து ஒளிரவைத்துப் பார்த்தால் இன்னும் துல்லியம். கல்ச்சருக்கு நாள் ஆகும் என்று எல்லோரும் சொல்வார்கள், இந்த ஸ்மியர் சில மணி நேரத்திலேயே கிடைக்கும் என்பதைச் சொல்ல மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள். ஒரே சீரான மெல்லிய இழை, குறுக்குச் சுவர்கள், குறுங்கோணத்தில் கிளை பிரிகிறது என்று எழுதியிருந்தார்கள். மியூகராக இருந்தால் அகலமான, ரிப்பன் மாதிரி மடங்கிய, சுவர் அபூர்வமாக உள்ள இழையாகத் தெரியும். ஆம்ஃபோடெரிசினைத் திரும்பத் தொடங்காமல் வோரிகோனசோலில் ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் முடிவெடுத்தது அந்த ஒற்றைத் தாளை வைத்துத்தான்.

கல்ச்சர் வளர்ந்தபோது அந்த மைக்ரோபயாலஜி டாக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மூடி ஒட்டிய தட்டில் முதலில் வெள்ளைப் பஞ்சு மாதிரி வந்ததாம். நான் பார்த்தபோது நடுவிலிருந்து மஞ்சள் கலந்த பச்சைப் பொடி தூவியது போல ஆகியிருந்தது. ஓரத்தில் மட்டும் வெள்ளை விளிம்பு. நீலச் சாயமேற்றிய ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் காட்டினார்: சொரசொரப்பான காம்பு, நுனியில் உருண்டைத் தலை, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் விதைத்தூள் வரிசை. ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். அம்மாவை இத்தனை மாதம் அலைக்கழித்தது இதுதானா என்று கொஞ்ச நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். "காத்துல இருக்கிற பூஞ்சைதானே மேடம், தட்டுல தானா விழுந்ததா இருக்காதா?" என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றார். ஆஸ்பர்ஜில்லஸ் எங்கும் மிதக்கிற ஒன்று, அதனால் தட்டில் வளர்ந்ததை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். திசுவில் நேரடியாக இழை தெரிந்திருக்கிறது, அதன் வடிவமும் வளர்ந்ததும் ஒத்துப்போகிறது, ஒன்றுக்கு மேற்பட்ட துண்டில் அதே பூஞ்சை வந்திருக்கிறது. இவை சேர்ந்தால்தான் உறுதி.

எல்லாப் பூஞ்சையையும் இப்படிக் கண்ணால் அடையாளம் காண முடியாது. பார்க்க ஒன்றுபோலவே இருந்து மருந்து விஷயத்தில் வேறாக நடந்துகொள்கிறவை உண்டு. அதற்கு மால்டி-டாஃப் என்ற கருவியில் புரதங்களின் அடையாளத்தைப் பார்ப்பார்கள், அல்லது டிஎன்ஏ வரிசையைப் படிப்பார்கள். ஐசியூவில் ரத்தத்தில் கேண்டிடா என்ற பூஞ்சை இருப்பதாக ரிப்போர்ட் வந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கேண்டிடா ஆரிஸ் என்ற வகையை 2009-ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து முதன்முதலில் விவரித்தார்கள். ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்குப் பெரும்பாலும் அடங்காது, வார்டுக்குள் ஆளுக்கு ஆள் பரவும். பழைய தானியங்கிக் கருவிகள் அதைக் கேண்டிடா ஹெமுலோனி என்று தவறாகக் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார அமைப்பு 2022-ல் வெளியிட்ட 19 ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் முதல் நிலையில் அதுவும் இருக்கிறது. ரிப்போர்ட்டில் வெறும் "கேண்டிடா" என்றோ "ஹெமுலோனி" என்றோ வந்தால் எந்த முறையில் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பதில் தவறே இல்லை.

அடுத்து மருந்து சென்சிடிவிட்டி. அதற்கு இன்னும் சில நாள். சிறு குழிகள் உள்ள தட்டில் ஒவ்வொரு குழியிலும் மருந்தைப் பாதிப் பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், எல்லாவற்றிலும் பூஞ்சையை விட்டு, எந்த அளவுக்குக் கீழே மருந்து தோற்கிறது என்று பார்ப்பார்கள். பூஞ்சையை நிறுத்திய மிகக் குறைந்த அளவுதான் எம்ஐசி. என் கைக்கு வந்த தாளில் நாலைந்து மருந்துக்கு எதிரே எண்கள் மட்டும் இருந்தன; பாக்டீரியா ரிப்போர்ட்டில் வருவது போல, மருந்து கேட்கும், கேட்காது என்பதைக் குறிக்கும் எஸ், ஆர் என்ற எழுத்துகள் இல்லை. எண் எதற்குக் குறைவோ அதுதான் சிறந்த மருந்து என்று நினைத்து டாக்டரிடம் போனேன். அப்படி இல்லை. ஒரு மருந்தின் எம்ஐசியை இன்னொரு மருந்தின் எம்ஐசியோடு ஒப்பிடுவது கிலோவையும் மீட்டரையும் ஒப்பிடுவது மாதிரி. உடம்பில் ஒவ்வொரு மருந்தும் சேரும் அளவு வேறு, அதனால் கேட்கும், கேட்காது என்று பிரிக்கும் எல்லைக்கோடும் வேறு. பாதிப் பாதியாகக் குறைக்கும் சோதனை என்பதால் 0.5-க்கும் 1-க்கும் உள்ள வித்தியாசம் ஒரே பூஞ்சையை இரண்டு தடவை சோதித்தாலே வரக்கூடியது. எழுத்து இல்லாததும் லேபின் அலட்சியம் அல்ல. பல பூஞ்சை-மருந்து ஜோடிகளுக்கு எல்லைக்கோடே இன்னும் வகுக்கப்படவில்லை. இருக்கிற இடத்திலும் அதை வகுக்கும் அமைப்புகளில் அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ ஒரு கணக்கு, ஐரோப்பாவின் யூகாஸ்ட் ஒரு கணக்கு. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸுக்கு வோரிகோனசோல் எம்ஐசி 1 என்று வந்தால் யூகாஸ்ட் முறையில் அது மருந்துக்குக் கட்டுப்படும், சிஎல்எஸ்ஐ முறையில் இடைநிலை. எந்த முறையில் செய்தார்கள் என்ற வரி ரிப்போர்ட்டில் இல்லையென்றால் அந்த எண் பாதித் தகவல்தான். இதைப் படித்துச் சொல்லத் தெரிந்த டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள். எண்ணைப் பார்த்து நீங்களாகப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

அம்மாவின் பூஞ்சைக்கு வோரிகோனசோல் எண் நன்றாகவே இருந்தது. ஆனாலும் வலி எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை. லேபில் மருந்து ஜெயிக்கிறது, உடம்பில் ஏன் ஜெயிக்கவில்லை? அந்த டாக்டர் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கச் சொன்னார். லிட்டருக்கு 1 முதல் 5.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அம்மாவுக்கு 1-ஐக்கூடத் தொடவில்லை. வோரிகோனசோல் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போதான் போட வேண்டும், சாப்பாட்டோடு சேர்ந்தால் உடம்பில் ஏறுவது குறையும். எங்கள் டிஸ்சார்ஜ் தாளில் உணவுக்குப் பின் என்று பொத்தாம்பொதுவாக அச்சடித்திருந்தது. அதோடு சிலருடைய ஈரல் இந்த மருந்தைப் பிறவியிலேயே வேகமாகச் சிதைத்துவிடும். நேரத்தை மாற்றி, டோஸையும் கூட்டினார்கள், அளவு வரம்புக்குள் வந்தது, அதன்பிறகுதான் கன்னத்து வலி உண்மையில் இறங்க ஆரம்பித்தது. ஒரு எச்சரிக்கை: இந்த ரத்தத்தை அடுத்த வேளை மாத்திரை போடுவதற்குச் சற்று முன் எடுக்க வேண்டும். எங்களுக்கு ஒருமுறை மாத்திரை போட்டபிறகு எடுத்துவிட்டார்கள்; அந்தப் பணமும் அந்த நாளும் வீண். அளவு கூடிப்போனாலும் ஆபத்து, ஈரல் கெடும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். மாத்திரை போட்ட சற்று நேரத்தில் வெளிச்சம் கூசுவதும் நிறங்கள் மாறித் தெரிவதும் இந்த மருந்தில் சகஜம் என்று முன்பே சொல்லியிருந்தால் அம்மா பார்வை போகிறது என்று அப்படிப் பதறியிருக்க மாட்டார். வெயிலில் தோல் சட்டென்று கருகும், மறைத்துக்கொண்டு போக வேண்டும். வேறு மாத்திரைகள் எடுத்தால், முக்கியமாக வலிப்புக்கும் காசநோய்க்கும் எடுத்தால், அந்தப் பட்டியலை முழுதாக டாக்டரிடம் காட்டுங்கள். சில மருந்துகள் இதன் அளவை அடியோடு இறக்கிவிடும். பூஞ்சை மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் ஒரே விதி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வழக்கமான இட்ரகோனசோல் காப்ஸ்யூலைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும்.

ஏற்கெனவே மொத்தமும் ஃபார்மலினில் போய்விட்டது என்று இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. எனக்கு இது தாமதமாகத்தான் தெரியவந்தது. பேத்தாலஜியில் திசுவை மெழுகுக் கட்டியில் புதைத்து வைத்திருப்பார்கள். வளர்க்க முடியாதே தவிர, அதிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பூஞ்சையின் பெயரைத் தேடும் பிசிஆர் பரிசோதனை செய்ய முடியும். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைப்பதால் ஒவ்வொரு முறையும் விடை வராது, வந்தாலும் மருந்து சென்சிடிவிட்டி தெரியாது. ஆனாலும் இன்னொரு ஆபரேஷனுக்கு முன் கேட்டுப் பார்க்க வேண்டிய வழி. அந்த மெழுகுக் கட்டியையும் (பிளாக் என்பார்கள்) ஸ்லைடையும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். பூஞ்சையின் சுவரில் உள்ள பொருளை ரத்தத்தில் தேடும் பீட்டா-டி-குளுக்கான் சோதனை நெகட்டிவ் என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். மியூகர் இருந்தாலும் அது நெகட்டிவாகவே காட்டும். சாதாரண ரத்தக் கல்ச்சரில் ஆஸ்பர்ஜில்லஸ் வளர்வது மிக அரிது.

லேபில் இன்னொன்றும் கேட்டுவைத்தேன்: வளர்ந்த பூஞ்சையைக் கழித்துவிடாமல் எடுத்து வைக்க முடியுமா என்று. சிகிச்சை நடுவில் மறுபடி தலைதூக்கினால் புதிதாக வளர்ந்ததையும் பழையதையும் பக்கத்தில் வைத்துச் சோதித்து, மருந்துக்குப் பழகிவிட்டதா என்று பார்க்கலாம். பெரிய லேபுக்கு அனுப்ப வேண்டி வந்தாலும் அதுதான் கைகொடுக்கும். வைத்திருக்கிறார்கள், அதன் எண்ணை அம்மாவின் ஃபைலில் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மாத்திரை இன்னும் ஓடுகிறது. ஈரல் பரிசோதனை, மருந்து அளவு, சர்க்கரை மூன்றும் முறையாகப் பார்க்கிறோம். நிறுத்துவதா தொடர்வதா என்பதை அடுத்த ஸ்கேனைப் பார்த்துச் சொல்வதாக டாக்டர் சொல்லியிருக்கிறார்.